கைருதீன் கொடுத்த ஃபினிஷிங்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை திருப்பூர் காதர்பேட்டையில் மூன்று பனியன் வாங்கியபோது எனக்கு இலவசமாகக் கிடைத்தது.

வாங்கப் போனேன் என்பதைவிடச் சண்டை போடப் போனேன் என்பதுதான் சரி. போன முறை எடுத்த பனியன் வேர்வையை உறிஞ்சவே இல்லை. கடைக்காரர் கோபப்படவில்லை. "ரெண்டு தண்ணி போட்டு அலசோணுமுங்க. ஃபினிஷிங் குடுத்த துணி, புதுசுல தண்ணி குடிக்காது. இந்த ஃபினிஷிங்கால ஒருக்கா ஒரு கம்பெனிக்கே காமாலைன்னு ஆகிப்போச்சுங்க, தெரியுமுங்களா?" என்று சொல்லிச் சிரித்தார். அதற்குள் கேரளாக்காரர் ஒருவர் கட்டுக் கட்டாக விலை கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். மூன்று பனியன்காரனை அதற்கப்புறம் யார் மதிப்பார்கள்? கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆக, எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. திரும்பப் போய் முழுக் கதையையும் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் அது அவர் கதையாகிவிடும். அப்புறம் நான் எதற்கு?

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "1993ஆம் ஆண்டுக் கோடையில், சாயம் கலந்த நொய்யல் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தபோது—" வேண்டாம். திருப்பூரைப் பற்றி எழுதினால் முதல் வரியில் நொய்யல் ஓடியே தீர வேண்டும் என்று யாரோ உத்தரவு போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு கதையிலாவது ஆறு ஓய்வெடுக்கட்டும்.

இரண்டு: "மனித உடலின் மிகப் பெரிய சுரப்பியான கல்லீரலை ஒரு வைரஸ்—" இது பத்தாம் வகுப்பு. நான் அதில் வாங்கிய மதிப்பெண் இங்கே வேண்டாம்.

மூன்று: "மருமகள் தங்கத்தைக் காய்ச்சுகிறாள் என்று குல்சார் பேகம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்."

இது இருக்கட்டும்.

3

மருமகள் தங்கத்தைக் காய்ச்சுகிறாள் என்று குல்சார் பேகம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பொய்யில்லை. மருமகள் நசீம் பானு கோயம்புத்தூரில் நுண்ணுயிரியல் படித்தவள். வீட்டு முன்னறையில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருந்தாள். தங்க உப்பை வாங்கிவந்து கண்ணாடிக் குடுவையில் கொதிக்க வைத்தாள். தங்கம் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடியாகப் பிரிந்தால் மஞ்சளாக இருக்காது. மாதுளைச் சாறு மாதிரி சிவந்துவிடும். மாமியாருக்கு அதுதான் தாங்கவில்லை. "மஞ்சளா இருந்த தங்கத்தச் செவப்பாக்கறதுக்கா இத்தன படிப்பு?" என்று கேட்டார்.

நசீம் பானுவின் ஆசை பெரியது. ஹெபடைடிஸ் பி என்று ஒரு காமாலை உண்டு. ரத்தம் ஏற்றும்போது வரும், ஊசியில் வரும், தாயிடமிருந்து பிறக்கும் பிள்ளைக்கும் போகும். உடம்பில் இருப்பது பல பேருக்குத் தெரியவே தெரியாது. அந்தக் காலத்தில் இதைச் சோதிக்க ரத்தத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். முடிவு வருவதற்குள் ரத்தம் ஏற்றி முடித்து, நோயாளி வீட்டுக்கே போயிருப்பார். உடனே சொல்லும் சோதனைகள் வெளிநாட்டிலிருந்து வந்தன. விலை பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் கட்டுபடியாகும். ஒரு டீ குடிக்கும் நேரத்தில், டீக்கடைக்குப் போகிறவனுக்கும் கட்டுபடியாகும் விலையில் ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

செய்முறை இவ்வளவுதான்.* ஒரு மெல்லிய வெள்ளைத் தாள். அதன் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். அதில் வைரஸைப் பிடித்துவைக்கும் மருந்து பூசியிருக்கும். ரத்தத்தைத் தெளியவைத்து, மேலே நிற்கும் நீரை அதில் சொட்ட வேண்டும். அப்புறம் தங்கத்தின் சிவப்பு நீர். அப்புறம் கழுவும் நீர். வைரஸ் இருந்தால் வட்டம் சிவப்பாகவே நிற்கும். இல்லாவிட்டால் எல்லாம் வடிந்து வெள்ளையாகிவிடும்.

வடிந்து எங்கே போகும்? தாளுக்குக் கீழே உறிஞ்சுகிற அட்டை ஒன்று இருக்க வேண்டும். அதுதான் வெளிநாட்டுச் சரக்கு, அதுதான் விலை. உறிஞ்சுகிற பொருளைக் கடல் கடந்து வாங்க வேண்டுமா, அதுவும் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு? வீட்டுக்காரர் கைருதீனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, நல்லாத் தண்ணி குடிக்கற துணி ஒண்ணு வேணுங்க."

"பனியன் துணி ஊருக்கே நாம குடுக்கறம். உனக்கில்லாததா?" என்றான் கைருதீன்.

(* விஞ்ஞானிகள் இந்தப் பத்தியைப் படித்துப் பல்லைக் கடிப்பார்கள். கடிக்கட்டும். அவர்கள் எழுதுவதைப் படித்து நான் கடித்ததில்லையா?)

4

கைருதீன் விஷயத்தில் எனக்கு ஒரு தகராறு உண்டு.

அவனைக் கஞ்சனாகப் படைக்கத்தான் உட்கார்ந்தேன். கழித்துப்போட்ட மட்டத் துணியை மனைவியின் தலையில் கட்டி, சோதனையைக் கெடுத்து, கதைக்கு ஒரு வில்லனாக உதவுவான் என்று கணக்குப் போட்டேன். "கைருதீன் கல்லாவை மூடிவிட்டுக் குடோனின் இருட்டு மூலையில் கிடந்த…" என்று எழுதினேன். வாக்கியம் நகரவில்லை. அவனுக்கு மனைவிமேல் அவ்வளவு பெருமை. லேப் பெயர்ப் பலகையைத் தினமும் அவனே துடைப்பான். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு என்ன வில்லத்தனம் செய்ய முடியும்?

அவன் வைத்திருந்தது சின்ன யூனிட். பிறர் பின்னி, வெளுத்துக் கொண்டுவரும் துணிக்கு நீராவி கொடுத்து, அழுத்தி, உருட்டித் தருவான். முதலில் அவன் கொடுத்த சாம்பிள் துணி வெறுமே வெளுத்தது. தொட்டால் கொஞ்சம் முரடு. ஆனால் சொட்டு விழுந்த மாத்திரத்தில் குடித்தது. தனக்கு, மாமியாருக்கு, லேப்புக்கு வந்த முப்பது நாற்பது பேருக்கு என்று நசீம் பானு சோதித்தாள். கோயம்புத்தூர் முடிவோடு ஒத்துப்பார்த்தாள். தப்பே இல்லை.

டாக்டர் தண்டாயுதபாணி உள்ளூரில் சின்ன ஆஸ்பத்திரி நடத்துபவர். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேசி, விருப்பமுள்ள தொழிலாளிகளுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். பத்திரிகைக்காரர்கூட வரலாம் என்றார். துணி நிறைய வேண்டும்.

இங்கேதான் ஊர்ப் புத்தி குறுக்கே வந்தது. திருப்பூரில் சாம்பிள் என்பது ஒன்று, பல்க் என்கிற மொத்தச் சரக்கு வேறு. சாம்பிள் ஓகே ஆகிவிட்டால் பல்க்குக்கு ஃபினிஷிங் உண்டு. கேட்டைத் தாண்டிப் போகும் எந்தத் துணியையும் எவனாவது ஒருவன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பான். முரடாக இருந்தால் மானம் போச்சு. டாக்டர் வருகிறார், பத்திரிகைக்காரர் வருகிறார், மனைவியின் பெயர் வெளியே வரப் போகிறது. கைருதீன் அந்த முரட்டுத் துணியை அப்படியே கொடுத்துவிடுவானா? முழு லாட்டையும் துணியை மெதுவாக்கும் சாஃப்ட்னரில் முக்கி எடுத்தான்.

அன்பு மிகுந்து போனால் சில வீடுகளில் பாயசத்துக்கு இரண்டு முறை சர்க்கரை விழுந்துவிடும். அந்த மாதிரிதான்.

5

ஞாயிறு காலை, கம்பெனிச் சாப்பாட்டுக் கூடம். பெயரைச் சத்தமாகக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து கை நீட்டினார்கள். காலையில் சாம்பிள் துணி கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதில் தொடங்கினார்கள். வட்டம் சிவக்கும், கழுவினால் வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. கூட்டம் கைதட்டியது. "எனக்கு வெள்ளை, ஒனக்கு?" என்று கேலி நடந்தது.

"கருத்தம்மா!"

கருத்தம்மா செக்கிங்கில் வேலை செய்பவள். உசிலம்பட்டிப் பக்கம், புருஷன் தவசி அதே கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினான். மாமியார் ஒச்சாயியோடு மூன்று பேரும் அருள்புரத்தில் ஒற்றை அறை வீட்டில் இருந்தார்கள். அவளுக்கு நிறைமாசத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. அவள் வட்டம் சிவந்தது. கழுவினார்கள். சிவப்பு போகவில்லை. இன்னொரு முறை கழுவினார்கள். போகவில்லை.

கூடத்தில் பேச்சு நின்றது.

[இந்த இடத்தில் "நிசப்தம் ஒரு கனத்த போர்வையைப் போல" என்று எழுதிவிட்டு, அப்புறம் அடித்தேன். போர்வையெல்லாம் கிடையாது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள், அவ்வளவுதான். அதுவே போதுமான அளவுக்குக் கொடுமை.]

இப்போது ஒரு சின்னப் பிரசங்கம். கோயம்புத்தூரிலிருந்து முடிவு கவரில் வரும். கவரைப் பையில் போட்டுக்கொள்ளலாம், இரண்டு நாள் கழித்துப் பிரிக்கலாம், வீட்டில் "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லலாம். மெதுவான சோதனை மனிதனுக்குப் பொய் சொல்லக் கொஞ்சம் அவகாசம் தருகிறது. வேகமான சோதனைக்கு அந்த இரக்கம் கிடையாது. ஊர் பார்க்க, உங்கள் கண் முன்னாலேயே சிவந்துவிடுகிறது. நசீம் பானு எல்லாவற்றையும் யோசித்தாள். ஒரு திரைச்சீலை கட்ட யோசிக்கவில்லை.

"பயப்படாதீங்க, இன்னொருக்கா பாக்கலாமுங்க," என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கருத்தம்மா எழுந்தாள்.

"எங்கிட்ட எடுத்த ரத்தத்தக் குடுங்க."

"எதுக்குங்க?"

"எம் ரத்தந்தான? குடுங்க."

குழாயை வாங்கிச் சாப்பாட்டுத் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவளை அப்படிப் போகச்சொல்லி நான் எழுதவில்லை. மிச்ச ரத்தம் லேப்பில் இருந்தால் மறுநாள் திரும்பச் சோதித்துக் கதையைச் சுபமாக முடித்திருப்பேன். எடுத்துக்கொண்டு போய்விட்டாளே!

அதற்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாருக்கும் சிவப்பு. மேஸ்திரிக்குச் சிவப்பு, வாட்ச்மேனுக்குச் சிவப்பு. டாக்டர் தண்டாயுதபாணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், தம் கையையும் நீட்டினார், அவருக்கும் சிவப்பு. "ஏம்மா, ஊருக்கே காமாலையா?" என்றார், குரல் இறங்கிப்போய். நசீம் பானு ஒரு இளநீரை வெட்டிச் சொட்டினாள். இளநீருக்கும் காமாலை.

துணியை உருவி எடுத்து வெறும் தண்ணீரை விட்டாள். சேம்பு இலையில் நிற்பதுபோல் சொட்டு உருண்டு நின்றது. குடிக்கவே இல்லை. கழுவிய சிவப்பு எப்படி வடியும்? திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"ஒரு சின்ன ஃபினிஷிங் மட்டும் குடுத்தனுங்க," என்றான் கைருதீன். பதற்றத்தில் மனைவிக்கே 'ங்க' போட்டுவிட்டான். "தொட்டுப் பாரேன், பூ மாதிரி இருக்கும்."

6

மீதிப் பேருக்குப் பிரச்சினை சீக்கிரம் தீர்ந்தது. துணியை வெந்நீரில் அலசி அலசிக் காயவைத்து, மறுநாள் எல்லாருடைய ரத்தத்தையும் மறுபடி சோதித்தார்கள். எல்லாம் வெள்ளை. டாக்டர் கம்பெனிக்கு வந்து தப்பு நடந்துவிட்டது என்று சொன்னார். மேஸ்திரி தன் காமாலையை ஒரு வாரம் ஜோக்காகச் சொல்லித் திரிந்தார்.

கருத்தம்மாவுக்கு மட்டும் தீரவில்லை. காரணம் எளியது. சாம்பிள் துணி எந்த இடத்தில் தீர்ந்து புதுத் துணி எந்த இடத்தில் தொடங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. அவள் பழைய துணியின் கடைசி ஆளா, புதுத் துணியின் முதல் ஆளா? கைருதீன் அவளுக்கு முன்னாலேயே புதுக் கட்டைப் பிரித்ததாகச் சொன்னான். பிறகு, அவளுக்கு அப்புறமோ என்றும் சொன்னான். பயன்படுத்திய துணியை அப்போதே பிளீச்சிங் வாளியில் போட்டுவிட்டார்கள். ஊர் மட்டும் சந்தேகமே இல்லாமல் தீர்ப்பு சொன்னது: "மத்தவுகளுக்கு வந்தது துணிக் கோளாறு. அவளுக்கு வந்தப்ப எல்லாம் சரியாத்தான இருந்துச்சு?"

ஒச்சாயி மருமகளின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். தவசி அதைப் பார்த்துவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினான். சேர்ந்து சாப்பிடுவதால் இது ஒட்டாது என்று நசீம் பானு சொல்லியனுப்பியது அந்த வீட்டுக்குள் நுழையவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு என்று பெயர் சொல்லி, கருத்தம்மாவை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடத் தயாரானார்கள். எப்போது திரும்பி வரலாம் என்று யாரும் சொல்லவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. உண்மையிலேயே அவளுக்கு அந்தக் காமாலை இருந்தால், பிள்ளை பிறந்த கையோடு தடுப்பூசி போட வேண்டும். தள்ளிப்போட்டால் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும். அவள் போகிற ஊரில் அந்த ஊசி கிடைக்காது. இங்கிருந்தே வாங்கி, ஐஸ் வைத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். அந்தக் காலத்தில் அது விலை கூடிய ஊசி, வாங்குவதற்கு முதலில் நோய் இருப்பது தெரிய வேண்டும்.

இங்கே நான் சில முடிவுகளைத் தயார் செய்தேன்.

முடிவு அ: நசீம் பானு பஸ்ஸின் பின்னால் ஓடுகிறாள். (பஸ் நிற்காது. எனக்கு அந்த ரூட் தெரியும்.)

முடிவு ஆ: தவசிக்கு ஞானம் பிறக்கிறது, அம்மாவை எதிர்த்து ஒரு பக்கத்துக்குப் பேசுகிறான். (அவனைப் பார்த்தால் அரைப் பக்கம்கூடத் தேறாது.)

முடிவு இ: பல வருஷம் கழித்து ஒரு வாலிபன் லேப்புக்கு வந்து, "எங்கம்மா பேரு கருத்தம்மாங்க" என்று… (இதை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன்.)

7

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். நடந்தது என்றால், நான் தடுக்காமல் விட்டபோது நடந்தது.

புறப்படும் நாள் காலையில் நசீம் பானுவும் கைருதீனும் அருள்புரம் போனார்கள். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் சோதனை நீர், புது ஊசிகள், ரத்தத்தைத் தெளியவைக்கக் கையால் சுற்றும் மிஷின், நன்றாக அலசிய துணி. கருத்தம்மா பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு எங்களோடதுங்க," என்றாள் நசீம் பானு. "இன்னொருக்கா கை நீட்டுங்க. குழந்தைக்காகக் கேக்கறன்."

"மொதத் தடவ பொய்யின்னா, இந்தத் தடவ நெசம்ண்டு நான் எப்படி நம்புறது?"

கைருதீன் துணியை எடுத்து நீட்டினான். "இது முரடுதானுங்க. தொட்டுப் பாருங்க. ஒண்ணுமே பண்ணலீங்க." பாவம், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு துணி முரடு என்று பெருமைப்பட்டான்.

கருத்தம்மா துணியைத் தேய்த்துப் பார்த்தாள்.

"அன்னைக்கு எம் பேரச் சத்தமாக் கூப்பிட்டு வச்சீகள்ல? இன்னைக்கு யாரு பேரும் போடாம வைங்க. எல்லாரும் ரத்தம் வைக்கணும். நீங்க, ஒங்க வீட்டுக்காரரு, எங்க வீட்டுல இவரு, எங்கத்த, நானு. கலச்சுப்புட்டு வைங்க. ஒண்ணு செவந்துச்சுண்டாலும் அம்புட்டுப் பேரும் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போவோம். யாருதுண்டு அங்கன ரகசியமாச் சொல்லட்டும். இங்கன யாருக்கும் தெரிய வேணாம்."

பேர் போடாத ரத்தப் பரிசோதனை! படித்தவளுக்கு அது பாவம் மாதிரி. நசீம் பானு ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கருத்தம்மாவின் முகத்தைப் பார்த்தாள், "சரிங்க" என்றாள். தன் கையை முதலில் நீட்டிவிடுவாள்போல் இருந்தது, ஆனால் எடுக்க வேண்டியவளே அவள்தான். தவசி சட்டைக் கையை மடித்தான். அவனால் முடிந்த பேச்சு அது. கைருதீனும் மடித்தான்.

ஒச்சாயி மட்டும் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். "எனக்கென்னாத்தா நோக்காடு? நான் எதுக்கு வைக்கணும்?"

"எங்கத்த வச்சாத்தான் நான் வப்பேன்," என்றாள் கருத்தம்மா. வெளியே ஆட்டோ வந்து நின்றது.

8

ஒச்சாயியை இளக்கும் ஒரு வரி எழுத முயன்றேன்.

"ஒச்சாயியின் கண்கள் கலங்கின. அவள்…" பொய்.

"பேரப்பிள்ளையின் முகம் மனக்கண்ணில் தோன்ற…" இன்னும் பெரிய பொய்.

அவள் ஏன் மாட்டேன் என்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கெட்ட மனசு என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். அதற்கும் கை வரவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது கருத்தம்மா நேராக என் பக்கம் திரும்பினாள்.

"கதவோரமா நின்னு எல்லாத்தையும் எழுதிக்கிட்டே இருக்கீகளே, நீங்களும் கைய மடிங்க."

"நான் இந்தக் கதையில் இல்லையம்மா. எழுதுகிறவன்."

"எழுதுறவுகளுக்கு ரத்தம் ஓடாதாக்கும்?"

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். பயமாக இருந்தது. சிவக்கப்போவது என்னுடையதாக இருந்தால்? பெயர் போடாவிட்டால் என்ன, எனக்குத் தெரிந்துபோகுமே! எந்தக் காலத்தில், எந்த ஊசியில் என்று யோசிக்கத் தொடங்கினேன். என் மகள் என் டம்ளரை எடுத்துக் குடிப்பாள், அதை யோசித்தேன். ஒட்டாது என்று நானே இரண்டு பக்கம் முன்னால் எழுதியிருக்கிறேன், எழுதினால் என்ன? பின்னாலேயே நகர்ந்து சுவரோரம் போய்விட்டேன்.

அங்கே ஒச்சாயி நின்றுகொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு ஏன் கை வரவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கும் என்னைப் புரிந்துவிட்டது போலிருந்தது. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பெட்டிமேல் கருத்தம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மடித்த சட்டைக் கையோடு இரண்டு ஆண்களும் காத்திருந்தார்கள்.

ஒச்சாயி என்னைக் காட்டி, "இவரு வச்சா நான் வைக்கிறேன்," என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பி உங்களைப் பார்த்தேன். கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டீர்கள், இனி யாருக்கோ நடக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "இவங்க வச்சா நான் வைக்கிறேன்," என்றேன்.

நசீம் பானு புது ஊசியைப் பிரித்துக் கையில் எடுத்தாள்.

"யாருங்க முதல்ல?"